பத்து மீட்டர் என்பது எந்தப் பத்து மீட்டர்?

வாசகர் கேள்வி – பதில்

உடற்பயிற்சிக் கைக்கடிகாரத்துக்கும் கைப்பேசிக்கும் இடையேயான புளூடூத் இணைப்பு பொதுவாக 10 மீட்டர் வரை எட்டும் என்று சென்ற இதழில் ஒரு வரியில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரி போதவில்லை என்பதை அதன் பின் வந்த கடிதங்கள் உணர்த்திவிட்டன. ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஐயா, நான் நாள்தோறும் காலையில் ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் நடக்கிறவன். கடிகாரத்தை இடக் கையில் கட்டியிருப்பேன். கைப்பேசி கால்சட்டையின் வலப் பக்கப் பின்பையில் இருக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு மீட்டர்கூட இராது. ஆனாலும் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது. வீட்டில் கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனால் இணைப்பு உறுதியாக நிற்கிறது. ஒரு மீட்டரில் அறுவதும் எட்டு மீட்டரில் நிற்பதும் எப்படி? கடிகாரம் பழுதாகிவிட்டதா? — கோயம்புத்தூர் வாசகர்

பதில்: கடிகாரம் பழுதாகவில்லை. உங்கள் கடிகாரத்துக்கும் கைப்பேசிக்கும் நடுவே நிற்கிற தடுப்பு நீங்களேதான். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் மற்றக் கடிதங்கள் பலவற்றுக்கும் விடை இதனுள் அடங்கியிருக்கிறது.

புளூடூத் இயங்குவது 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில். இந்த அலையின் நீளம் ஏறக்குறைய 12 செண்டிமீட்டர், அதாவது அரைச் சாண். கைக்கடிகாரம் அனுப்பும் அலையின் ஆற்றல் பெரும்பாலும் ஒரு மில்லிவாட்டை ஒட்டியே இருக்கும். பேட்டரி மிகச் சிறியது என்பதால் அதற்கு மேல் செலவழிக்க வழியில்லை. அந்த ஒரு மில்லிவாட் எல்லாத் திசைகளிலும் விரிந்து செல்வதால், தூரம் இரு மடங்கானால் வந்து சேரும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தடையே இல்லாத வெளியில் கணக்கிட்டால், 1 மீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கும் 10 மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கும்தான் எதிர்முனைக்குக் கிடைக்கும். இது அற்பமான அளவாகத் தோன்றலாம். ஆனால் இன்றைய கைப்பேசியில் உள்ள புளூடூத் சில்லு, அனுப்பப்பட்டதில் நூறு கோடியில் ஒரு பங்கு வந்து சேர்ந்தால்கூட அதிலுள்ள செய்தியைப் படித்துவிடும் திறமை கொண்டது. எனவே 10 மீட்டரில் நமக்கு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கையிருப்பு இருக்கிறது. 1 மீட்டரிலோ லட்சம் மடங்கு இருக்கிறது.

அந்தக் கையிருப்பு எப்படிக் கரைகிறது என்பதுதான் கேள்வி. கடிகாரத்துக்குள் ஆன்டெனாவுக்குக் கிடைக்கும் இடம் விரல் நகத்தளவுதான். போதாததற்கு அது தோலை ஒட்டியே இருக்கிறது. அதிலேயே ஒரு பகுதி போய்விடும். கைப்பேசி பின்பையில் இடுப்பை அழுத்திக்கொண்டிருக்கும்போது அதன் ஆன்டெனாவும் அதே நிலைக்கு உள்ளாகிறது. இவற்றை எல்லாம்விடப் பெரிய செலவு நம் உடல். உடல் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். அதில் உப்பும் கரைந்திருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் (அதாவது 2,400 மெகாஹெர்ட்ஸ்) அலை அத்தகைய தண்ணீரில் சில செண்டிமீட்டர் போவதற்குள் பெரும்பகுதி விழுங்கப்பட்டு வெப்பமாகிவிடுகிறது. இடக் கையிலிருந்து வலப் பின்பைக்கு நேர்க்கோட்டில் போக முயலும் அலை, வயிற்றையும் இடுப்பையும் கடந்தாக வேண்டும். அதில் மறுகரை சேர்வது இல்லை என்றே கொள்ளலாம்.

அப்படியானால் வீட்டில் எட்டு மீட்டரில் மட்டும் எப்படி நிற்கிறது? வீட்டில் சுவர்கள் இருக்கின்றன, கூரை இருக்கிறது. உங்கள் உடல் நேர்வழியை மறைத்தாலும், அலை சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வேறு வழியாகக் கைப்பேசியைச் சென்றடைகிறது. மூடிய அறையில் கூப்பிடுகிறவருக்கு முதுகைக் காட்டி நின்றாலும் குரல் காதில் விழுவதைப் போன்றது இது. திறந்த வெளியில் திருப்பியனுப்பச் சுவர் ஏது? மரங்கள் ஓரளவு செய்யும், தரை ஓரளவு செய்யும். மற்றவை வானத்தை நோக்கிப் போய்விடும். மெரினா மணல்வெளியிலும் பெரிய விளையாட்டுத் திடல்களிலும் நடப்பவர்கள் இந்தக் குறையை அதிகம் சொல்வதற்குக் காரணம் இதுவே. "தடையில்லாத வெளியில்தான் தூரம் அதிகம்" என்று பொதுவாகச் சொல்வது, கைக்கடிகாரத்தையும் கைப்பேசியையும் ஒரே உடல் தாங்கியிருக்கும்போது தலைகீழாகிவிடுகிறது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

தீர்வு எளிது. கடிகாரம் கட்டியிருக்கும் அதே பக்கத்துக்குக் கைப்பேசியை மாற்றுங்கள். பின்பையைவிட முன்பை நல்லது, சட்டைப் பை அதைவிட நல்லது. இடக் கைக் கடிகாரத்துக்கு இடப் பக்கச் சட்டைப் பை மிகப் பொருத்தமாக அமையும். மாற்றிய பிறகும் அறுந்தால் மட்டும் கடிகாரத்தைச் சந்தேகிக்கலாம்.

கேள்வி: பள்ளி மைதானத்தில் ஒரு மேசையின் மேல் கைப்பேசியை வைத்துவிட்டு, கடிகாரத்துடன் விலகி நடந்து பார்த்தேன். 40 தப்படிக்குப் பிறகுதான் "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்ற அறிவிப்பு வந்தது. திரும்பி வரும்போது 40ஆவது தப்படியில் இணைப்பு வரவில்லை. மேசைக்கு 10 தப்படி தூரத்தில்தான் வந்தது. இரண்டில் எது உண்மையான எல்லை? — திருநெல்வேலி மாவட்ட ஆசிரியர் ஒருவர்

பதில்: சோதித்துப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள், அதற்காகவே உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் இரண்டு அளவுகளுமே எல்லை அல்ல. ஒன்றில் காலத்தாமதம் கலந்திருக்கிறது. மற்றொன்றிலும் வேறு வகைத் தாமதம் கலந்திருக்கிறது.

கடிகாரமும் கைப்பேசியும் இடைவிடாமல் பேசிக்கொண்டிருப்பதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு கணம் சந்தித்து, செய்தி இருந்தால் பரிமாறிக்கொண்டு, மீண்டும் உறங்கிவிடுகின்றன. அந்த இடைவெளி 7.5 மில்லிநொடியிலிருந்து 4 நொடி வரை இருக்கலாம் என்று புளூடூத் விதிமுறை வகுத்திருக்கிறது. ஒரு சந்திப்பு தவறினால் உடனே உறவு முறிந்துவிடுவதில்லை. தொடர்ந்து எவ்வளவு நேரம் பதில் வராவிட்டால் இணைப்பு அறுந்ததாகக் கொள்ள வேண்டும் என்பதற்கும் ஒரு கெடு உண்டு. அது அதிக அளவாக 32 நொடி வரை இருக்கலாம். நடப்பவர் ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டு தப்படி வைக்கிறார். கெடு 5 நொடி என்று வைத்துக்கொண்டால்கூட, செய்தி உண்மையில் நின்றுபோன இடத்திலிருந்து 10 தப்படி தாண்டிய பிறகே அறிவிப்பு உங்கள் கண்ணில் படும்.

திரும்பி வரும்போது நடப்பது வேறு. இப்போது கடிகாரம் "நான் இங்கே இருக்கிறேன்" என்று அவ்வப்போது ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். புளூடூத்தின் அலைவரிசையைக் கூறுபோட்ட 40 அலைத்தடங்களில் மூன்றை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கைப்பேசியும் அதே நேரத்தில் அதே தடத்தில் செவிகொடுத்துக்கொண்டிருந்தால்தான் அந்தக் குரல் கேட்கும். பேட்டரியைச் சேமிப்பதற்காகக் கைப்பேசி, திரை அணைந்திருக்கும்போது, விட்டுவிட்டுத்தான் கேட்கிறது. அந்தச் சந்திப்பு வாய்ப்பதற்குள் நீங்கள் நடந்து மேசையை நெருங்கிவிடுகிறீர்கள்.

உண்மையான எல்லையை அறிய வேண்டுமானால், ஐந்து தப்படிக்கு ஒரு முறை நின்று, கடிகாரத்தில் உள்ள "கைப்பேசியைத் தேடு" பொத்தானை அழுத்துங்கள். கைப்பேசி ஒலித்தால் அந்த இடத்தில் இணைப்பு இருக்கிறது. அரை நிமிடம் காத்திருந்தும் ஒலிக்காவிட்டால் இல்லை. மேசையை நோக்கி நின்று ஒரு முறையும், மேசைக்கு முதுகைக் காட்டி, கடிகாரக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு முறையும் அளந்து பாருங்கள். முதல் கேள்விக்கு நான் சொன்ன பதிலை உங்கள் மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் வீடு இரண்டு அடுக்கு. கைப்பேசியை மாடியில் சார்ஜில் போட்டுவிட்டுக் கீழே சமைக்கும்போது அழைப்பு வந்தால் கடிகாரம் சில நாள் காட்டுகிறது. சில நாள் காட்டுவதில்லை. சமையலறைக்குள்ளேயே ஓரடி தள்ளி நின்றால் வருகிறது, மறுபடி நகர்ந்தால் போகிறது. — தஞ்சாவூர் வாசகி

பதில்: மாடித்தளம் கம்பி கட்டிய கான்கிரீட். செங்கல் சுவரை ஓரளவு கடந்துவிடும் அலை, கம்பி வலையும் கான்கிரீட்டும் சேர்ந்த தளத்தைக் கடக்கும்போது மிகவும் மெலிந்துவிடும். எனவே உங்கள் வீட்டில் மாடிக்கும் கீழுக்குமான இணைப்பு பெரும்பாலும் தளத்தின் வழியாக அன்றி, மாடிப்படி, சன்னல் போன்ற திறப்புகளின் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. படிக்கட்டுக் கதவைச் சாத்திய நாளும் திறந்திருந்த நாளும் வேறுபடுகின்றனவா என்று கவனியுங்கள்.

ஓரடி நகர்ந்தால் மாறுவதற்குக் காரணம், பல வழிகளில் பட்டுத் திரும்பி வரும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்துவதும் இன்னோரிடத்தில் ஒன்றையொன்று அழிப்பதும் ஆகும். அலைநீளம் அரைச் சாண் என்று முன்னே சொன்னேன். எனவே இந்த மேடும் பள்ளமும் சில விரற்கடை தூரத்திலேயே மாறி மாறி வரும். இணைப்பு வலுவாக இருக்கும் வீட்டில் இது தெரியாது. உங்கள் வீட்டைப் போல எல்லையில் ஊசலாடும் இடத்தில்தான் தெரியும்.

கைப்பேசி இரும்பு பீரோவின் மேலோ, அதன் மறுபுறத்திலோ இருந்தால் இடம் மாற்றுங்கள். உலோகத்தை இந்த அலை கடக்காது. நிலைக்கண்ணாடியின் பின்புறப் பூச்சும் உலோகமே. சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் அதுவும் ஓடும்போது மட்டும் இடையூறு செய்யும். ஏனெனில் அது இயங்குவதும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான். பாதுகாப்பு வரம்புக்குள் கசிகிற அளவுகூட, கடிகாரத்தின் ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டால் பெரிதாகவே இருக்கும். வைஃபை ரூட்டரும் இதே அலைவரிசையைப் பயன்படுத்துகிறது. ஆனால் நெரிசல் மிகுந்த தடங்களை விலக்கி மற்றவற்றில் தாவித் தாவிப் பேசும் ஏற்பாடு புளூடூத்தில் இருப்பதால், ரூட்டரால் வரும் தொல்லை நாம் அஞ்சும் அளவுக்கு இராது. ரூட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றும் வசதி இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. இவை எல்லாவற்றையும்விட, சார்ஜரை மாடியிலிருந்து கீழே கொண்டுவந்துவிட்டால் சிக்கலே தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

கேள்வி: என் கடிகாரத்தில் புளூடூத் 5 இருக்கிறது. அதன் தூரம் நான்கு மடங்கு என்று கடைக்காரர் சொல்லி விற்றார். அப்படி ஒன்றும் தெரியவில்லையே? — ஈரோடு வாசகர்

பதில்: 2016 டிசம்பரில் வெளியான புளூடூத் 5 விதிமுறையில் நெடுந்தூர முறை ஒன்று உண்டு என்பது உண்மை. ஒரே செய்தியைப் பல மடங்கு பிழைதிருத்தக் குறியீடுகளோடு சேர்த்து, நொடிக்கு 125 கிலோபிட் என்ற மெதுவான வேகத்தில் அனுப்பி அந்தத் தூரத்தை எட்டுகிறார்கள். ஆனால் அந்த முறையைக் கையாள வேண்டும் என்ற கட்டாயம் எந்தக் கருவிக்கும் இல்லை. கையாண்டாலும் எதிர்முனைக் கைப்பேசியும் அதைக் கையாள வேண்டும். மெதுவாகப் பேசினால் நீண்ட நேரம் பேச வேண்டும், பேட்டரி கரையும் என்பதால் கைக்கடிகாரங்களில் அதை நாடுவது அரிது. பெட்டியில் 5 என்ற எண் இருப்பதால் மட்டும் தூரம் கூடாது.

கேள்வி: காலை ஓட்டத்துக்குப் போகும்போது கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிடுகிறேன். அந்த நேரத்துக் காலடிக் கணக்கும் இதயத் துடிப்பும் வீணாகிவிடுமா? சென்ற வாரம் ஓடிய பாதை வரைபடத்தில் வரவே இல்லை. — மதுரை வாசகர்

பதில்: வீணாகாது. இந்த அச்சத்தால் பலர் ஓடும்போதும் கனமான கைப்பேசியைச் சுமந்துகொண்டு போகிறார்கள், அது வேண்டியதில்லை. காலடியை எண்ணுவது கடிகாரத்துக்குள் இருக்கும், அசைவை உணரும் முடுக்கமானி. துடிப்பை அளப்பது அதன் அடியில் ஒளிரும் பச்சை விளக்கும் ஒளியுணரியும். இரண்டுக்கும் கைப்பேசி தேவையில்லை. அளந்தவற்றைக் கடிகாரம் தன் நினைவகத்தில் குறித்து வைத்துக்கொண்டு, இணைப்பு கிடைத்ததும் செயலியிடம் ஒப்படைக்கிறது. எவ்வளவு நாள் வைத்திருக்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எடுத்துக்காட்டாக, ஃபிட்பிட் கருவிகளில் பெரும்பாலானவை நிமிட வாரியான விவரங்களை 7 நாளும், நாள் மொத்தக் கணக்கை 30 நாளும் காத்து வைக்கின்றன. ஆகையால் இணைப்பு ஒரு மணி நேரம் அறுந்திருப்பது கணக்கைப் பாதிக்காது. ஒரு வாரத்துக்கு மேல் செயலியைத் திறக்காமல் விடுவதுதான் பாதிக்கும். கடிகாரத்தின் பேட்டரி முற்றும் தீர்ந்துபோக விடுவதும் கூடாது.

பாதை வராததற்குக் காரணம் வேறு. சில கடிகாரங்களில் ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கிறது. விலை குறைந்த பலவற்றில் இல்லை, அவை கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸைக் கடன் வாங்குகின்றன. உங்களுடையது இரண்டாம் வகை என்று தெரிகிறது. கைப்பேசி வீட்டில் இருந்தால் இடம் காட்ட எவரும் இல்லை. அப்போது கடிகாரம் காலடிகளின் எண்ணிக்கையையும் உங்கள் உயரத்தை வைத்துக் கணித்த தப்படி நீளத்தையும் பெருக்கித் தூரத்தை ஊகிக்கும். அந்த ஊகம் நடைக்கு ஓரளவு பொருந்தும். ஓட்டத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பாதை முக்கியம் என்றால் கைப்பேசியை எடுத்துச் செல்லுங்கள், அல்லது அடுத்த முறை உள்ளேயே ஜிபிஎஸ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: நீச்சல் குளத்தின் கரையிலேயே கைப்பேசி இருக்கிறது. ஆனாலும் தண்ணீருக்குள் இறங்கியதும் இணைப்பு போய்விடுகிறது. — சென்னை வாசகி

பதில்: போகத்தான் செய்யும். உடலில் உள்ள தண்ணீருக்கு நேர்ந்ததே குளத்துத் தண்ணீருக்கும். கை சற்று ஆழம் மூழ்கினாலே அலை வெளியே வராது. மார்புப் பட்டையில் துடிப்பை அளந்து 5 கிலோஹெர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த அலைவெண்ணில் கடிகாரத்துக்கு அனுப்பும் பழைய முறை ஒன்று உண்டு. அது தண்ணீருக்குள்ளும் வேலை செய்யும். புளூடூத்துக்கு அந்த ஆற்றல் இல்லை. கரையேறிய பின் கணக்குகள் தாமே கைப்பேசிக்குப் போய்ச் சேரும்.

கேள்வி: கைப்பேசி கையிலேயே இருக்கிறது, கடிகாரமும் கையில் இருக்கிறது. ஆனாலும் செயலியில் "இணைக்கப்படவில்லை" என்று வருகிறது. ஒவ்வொரு நாளும் செயலியைத் திறந்தால்தான் சேர்கிறது. தூரம் காரணமாக இருக்க முடியாதல்லவா? — யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: இருக்க முடியாது. இது தூரச் சிக்கலைப் போல வேடமிட்டு வரும் வேறொரு சிக்கல். எனக்கு வந்த கடிதங்களில் இதைத் தூரத்தோடு குழப்பிக்கொண்டவர்களும் உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பேட்டரியை மிச்சப்படுத்தும் பொருட்டு, பின்னணியில் இயங்கும் செயலிகளை நிறுத்திவிடுகின்றன. செயலி நிறுத்தப்பட்டால் கடிகாரத்தோடு பேச ஆள் இல்லை. அமைப்புகளில் அந்தச் செயலிக்குரிய பேட்டரிப் பகுதிக்குச் சென்று, கட்டுப்பாடு இல்லை என்ற நிலைக்கு மாற்றுங்கள். அனுமதிகளையும் பாருங்கள்: ஆண்ட்ராய்டு 12 முதல் "அருகிலுள்ள சாதனங்கள்" என்ற அனுமதி வேண்டும். அதற்கு முந்தைய, ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரையிலான கைப்பேசிகளில் இருப்பிட அனுமதி வேண்டும். இருப்பிடத்துக்கும் கடிகாரத்துக்கும் என்ன தொடர்பு என்று ஐயுற்று அதை மறுத்துவிடுகிறார்கள். அருகில் என்னென்ன புளூடூத் கருவிகள் இருக்கின்றன என்பதை வைத்தே ஒருவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட முடியும் என்பதால், கருவிகளைத் தேடுவதையே இருப்பிட அனுமதியின் கீழ் வைத்திருந்தார்கள்.

அழைப்பு பேசும் வசதியுள்ள கடிகாரமாக இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காலடிக் கணக்கு போகும் வழி ஒன்று. அழைப்பின் குரல் போகும் வழி வேறொன்று. முதலாவதைச் செயலிக்குள்ளும் இரண்டாவதைக் கைப்பேசியின் புளூடூத் பட்டியலிலும் தனித்தனியே இணைக்க வேண்டியிருக்கும். ஒன்று அறுந்து மற்றது நிற்பது இயல்பே.

கேள்வி: உறங்கும்போது கடிகாரத்தைக் கட்டியிருக்கிறேன். கைப்பேசியைத் தலையணை அருகில் வைக்க விருப்பமில்லை. அடுத்த அறையில் வைத்தால் உறக்கக் கணக்கு தவறிவிடுமா? — புதுச்சேரி வாசகி

பதில்: தவறாது. அடுத்த அறையில் என்ன, அடுத்த தெருவில் வைத்தாலும் கடிகாரம் இரவு முழுவதும் தானே குறித்து வைத்துக்கொண்டு காலையில் ஒப்படைத்துவிடும். விருப்பம்போல் தள்ளி வையுங்கள். மணிக்கட்டில் இருக்கும் ஒரு மில்லிவாட்டைப் பற்றியும் அஞ்ச வேண்டாம். கைப்பேசி, சேவை நிறுவனத்தின் அலைபரப்புக் கோபுரத்தோடு பேசும்போது செலவிடும் ஆற்றல் அதைப் போல நூறு மடங்குக்கு மேலும் போகக்கூடும்.

கேள்வி: நான் துபாயில் வேலை செய்கிறேன். கும்பகோணத்தில் அப்பா தனியாக இருக்கிறார், வயது 71. அவர் விழுந்தால் தெரிவிக்கும் கடிகாரம் ஒன்றை வாங்கி அனுப்பலாம் என்றிருக்கிறேன். அவர் கைப்பேசியை எப்போதும் கூடத்து மேசையிலேயே வைத்துவிட்டுப் போகிறவர். விழுந்தால் எனக்குச் செய்தி வருமா? — பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இந்தக் கடிதத்துக்காகவே மற்றக் கடிதங்களுக்கு இவ்வளவு விரிவாகப் பதில் எழுதினேன் என்று சொன்னாலும் தவறில்லை. காலடிக் கணக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் எவருக்கும் இழப்பில்லை. விழுந்த செய்தி தாமதமாகப் போகக் கூடாது. கடிகாரம் எதையெல்லாம் தானே செய்யும், எதற்கெல்லாம் கைப்பேசி அருகில் இருந்தாக வேண்டும் என்பதை இங்கே தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

விழுந்ததை உணர்வது கடிகாரத்தின் வேலை; அதற்குக் கைப்பேசி வேண்டாம். ஆப்பிள் நிறுவனம் 2018இல் வெளியிட்ட நான்காம் வரிசைக் கடிகாரத்தில் இந்த வசதியைக் கொண்டுவந்தது; பலமான வீழ்ச்சிக்குப் பின் அணிந்தவர் ஏறக்குறைய ஒரு நிமிடம் அசையாமல் இருந்தால், எச்சரித்துவிட்டு அதுவே அவசர எண்ணை அழைக்கும். வேறு சில நிறுவனங்களும் இவ்வசதியைத் தருகின்றன. ஆனால் விழுந்ததை உங்களுக்குச் சொல்ல, செய்தி முதலில் புளூடூத் வழியாகக் கைப்பேசிக்குப் போக வேண்டும். அங்கிருந்து கோபுரத்துக்குப் போக வேண்டும். அப்பா கோயிலுக்குப் போயிருக்க, கைப்பேசி கூடத்து மேசையில் இருந்தால், கடிகாரம் எல்லாவற்றையும் உணர்ந்தும் எவரிடமும் சொல்ல முடியாமல் இருக்கும். விலை குறைந்த கடிகாரங்கள் பலவற்றில் விழுவதை உணரும் வசதியே கிடையாது. அவசரப் பொத்தான் மட்டுமே இருக்கும். அதுவும் கைப்பேசி எட்டும் தூரத்தில் இருந்தால்தான் பயன்படும்.

எனவே அப்பாவின் பழக்கத்தை மாற்ற முடியாது என்றால், இ-சிம் (உள்ளேயே பதிந்திருக்கும் சிம்) வசதியுள்ள கடிகாரத்தை வாங்குங்கள். அது கைப்பேசியை நம்பாமல் தானே கோபுரத்தோடு பேசும். விலை கூடுதல், மாதக் கட்டணம் உண்டு, சார்ஜும் நாள்தோறும் போட வேண்டியிருக்கும். இவ்வளவும் இருந்தாலும், உங்கள் அப்பாவின் நிலையில் நான் இதையே பரிந்துரைப்பேன். வாங்குவதற்கு முன் அந்தக் கடிகாரத்தின் இ-சிம் நம் ஊர்ச் சேவை நிறுவனங்களில் வேலை செய்யுமா என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு நாட்டில் விற்கும் கடிகாரம் இன்னொரு நாட்டில் இந்த வசதியைத் தராமல் போகலாம். துபாயில் வாங்கி அனுப்புவதைவிட இந்தியாவில் வாங்கச் சொல்வது பாதுகாப்பானது.

அது முடியாது, சாதாரணக் கடிகாரம்தான் என்றால், அப்பா வெளியே போகும்போது கைப்பேசி சட்டைப் பையில் இருக்க வேண்டும், மேசையில் அன்று. வேட்டி மடிப்பில் செருகிக்கொள்கிறவராக இருந்தால், கடிகாரம் கட்டிய பக்கமாகவே செருகச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் ஒரு சோதனையையும் செய்தாக வேண்டும். முதியவர்கள் வழுக்கி விழும் இடங்களில் குளியலறை முக்கியமானது. நான்கு புறமும் சுவர், ஈரம், சாத்திய கதவு என்று அலைக்கு எதிரான எல்லாம் கூடியிருக்கும் இடமும் அதுவே. அடுத்த முறை யாராவது உறவினர் வீட்டுக்கு வரும்போது, அப்பாவைக் கடிகாரத்துடன் குளியலறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். தரையில் விழுந்தால் கை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்குக் கையைத் தாழ்த்தி, "கைப்பேசியைத் தேடு" பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். சோதனைக்காக 112 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டாம். கூடத்து மேசையில் இருக்கும் கைப்பேசி ஒலித்தால் அந்த மேசை சரியான இடம். ஒலிக்காவிட்டால், ஒலிக்கும் இடம் கிடைக்கும் வரை கைப்பேசியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, கிடைத்த இடத்தில் ஒரு சிறிய தட்டு அடித்து, சார்ஜரையும் அங்கேயே நிலையாகப் பொருத்திவிடச் சொல்லுங்கள். சமையலறையிலிருந்தும் கொல்லைப்புறத்திலிருந்தும் இதையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். முடிவு என்ன என்பதை எனக்கும் எழுதுங்கள்.